வியூகத்தை உடைத்த வில்லியம்ஸ்

1946-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரில் "பென்வே பார்க்" என்ற விளையாட்டு அரங்கம். அன்று அங்கே இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் முடிந்து இரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

நெட்டையான ஓர் இளைஞர் மட்டையுடன் வந்து நின்றார். அவரைக் கண்டதும் எதிர் அணித் தலைவர் கையை அசைத்தார். உடனே அவருடைய ஆட்கள் இடம் மாறினார்கள். மைதானத்தின் வலது பாதியில் 6 பேர் நெருக்கமாக நின்றுகொண்டார்கள். இடது பாதியில் ஒரே ஒருவர்தான் மிச்சம்.

பாதி மைதானம் காலி!

அந்த இளைஞரின் பெயர் டெட் வில்லியம்ஸ். ஒரு தனி மனிதருக்காக ஓர் அணி முழுவதும் இப்படி இடம் மாறி நின்றதை ஜனங்கள் அதிசயமாகப் பார்த்தார்கள்.

இப்படி நிற்பது நியாயமா? இதைத் தடுக்க விதி வேண்டாமா? இந்தக் கேள்விக்கு முடிவு சொல்ல 76 ஆண்டுகள் ஆயின. முடிவு வந்தபோது வில்லியம்ஸ் உயிரோடு இல்லை.

என்ன ஆட்டம்?

அந்த விளையாட்டின் பெயர் பேஸ்பால். கிரிக்கெட் மீது நம் நாட்டில் எவ்வளவு மோகமோ, அவ்வளவு மோகம் அமெரிக்காவில் பேஸ்பால் மீது உண்டு.

மட்டை தட்டையாக இராது. உருண்டையாக, சிறிய உலக்கை போல இருக்கும். மைதானத்தில் சதுரமாக 4 தளங்கள். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் 90 அடி தூரம். பந்தை அடித்தவர் முதல் தளத்துக்கு ஓட வேண்டும். பிறகு 2-வது, 3-வது தளங்களைத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன்.

எதிர் அணியில் 9 பேர். ஒருவர் பந்து எறிபவர். ஒருவர் மட்டைக்காரருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர். தளங்களை ஒட்டி 4 பேர். தூரத்தில் 3 பேர். தரையில் உருண்டு வரும் பந்தை இவர்கள் எடுத்து, அடித்தவர் வருவதற்கு முன் முதல் தளத்துக்கு எறிந்துவிட்டால், அடித்தவர் "அவுட்". அடித்தவர் முந்திக்கொண்டால் அது "நல்ல அடி".

பந்து எறிபவரும் பந்து பிடிப்பவரும் மட்டுமே குறிப்பிட்ட இடத்தில் நிற்க வேண்டும். மற்ற 7 பேரும் எல்லைக் கோட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அந்நாளைய விதி அதுதான்.

தனியாக வளர்ந்த சிறுவன்

டெட் வில்லியம்ஸ் 1918-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் டியாகோ.

தகப்பனார் போட்டோ பிடிக்கும் தொழில் செய்தார். தாயார் மே, மெக்சிகோ நாட்டு வழியில் வந்தவர். அவர் இரட்சணிய சேனையில் ஊழியம் செய்தார். ஏழைகளுக்காகத் தெருத் தெருவாக நடந்து காசு திரட்டுவார். ஊரார் அவரைப் போற்றினார்கள்.

ஆனால் வீட்டில் அடுப்பு எரிய நேரமாகும். டெட்டும் தம்பி டானியும் பல இரவுகளில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, தாயார் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தனிமையைப் போக்கியது, வீட்டுக்கு அருகில் இருந்த விளையாட்டு மைதானம். பள்ளிக்கூடம் விட்டதும் டெட் அங்கே ஓடுவான். பொழுது சாயும் வரை பந்தை அடித்துக்கொண்டே இருப்பான். நாட்டிலேயே பந்தை அடிப்பதில் முதல்வன் என்று பெயர் எடுக்க வேண்டும். அதுதான் அவன் ஆசை.

வில்லியம்ஸ் பந்தை வலது கையால் எறிவார். ஆனால் மட்டை பிடித்து நிற்பது இடது கைக்காரர்களைப் போல. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த தொல்லை எல்லாம் இதனால்தான்.

இடது கைக்காரர் பலமாக வீசி அடித்தால் பந்து வலது பக்கம் பறக்கும். வில்லியம்ஸ் அடித்த பந்துகளில் பெரும்பாலானவை அப்படித்தான் பறந்தன.

1936-ம் ஆண்டு, 18 வயது ஆகுமுன்பே, சான் டியாகோவில் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கினார். 1939-ல் பாஸ்டன் நகரின் "ரெட் சாக்ஸ்" அணியில் சேர்ந்தார். கடைசி வரை ஆட்டக்காரராக அந்த ஓர் அணியில்தான் இருந்தார்.

ஒதுங்காத துணிவு

1941-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, அந்த ஆண்டின் கடைசி நாள் ஆட்டம். இடம் பிலடெல்பியா.

ஆயிரம் முறை ஆடினால் 400 முறை நல்ல அடி அடிப்பது என்பது இமாலய சாதனை. அன்று காலையில் வில்லியம்சின் கணக்கு 400-க்கு மயிரிழை குறைவு. அந்தப் பின்னத்தை முழு எண்ணாக்கினால் 400 என்றே எழுதிக்கொள்ளலாம்.

அணியின் மானேஜர் ஜோ குரோனின், விருப்பமானால் அன்று ஆடாமல் உட்கார்ந்துவிடலாம் என்று சொன்னார். ஆடாவிட்டால் 400 நிச்சயம். ஆடிச் சறுக்கினால் எல்லாம் போய்விடும்.

முந்திய இரவு வில்லியம்ஸ் நண்பர் ஒருவருடன் பிலடெல்பியா தெருக்களில் வெகு தூரம் நடந்தார். காலையில் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார்.

அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் ஆடினார். 8 முறையில் 6 நல்ல அடி! ஆண்டுக் கணக்கு 456 முறையில் 185. அதாவது ஆயிரத்துக்கு 406. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டு பெரிய லீக்குகளிலும் அதன் பிறகு யாரும் 400-ஐ எட்டவில்லை.

புகழ் உச்சிக்கு ஏறியபோது யுத்தம் வந்தது. 1943, 1944, 1945 ஆகிய 3 ஆண்டுகளும் அவர் மைதானத்துக்கு வரவில்லை. கடற்படையைச் சேர்ந்த "மரீன்" படையில் விமானி ஆனார். மற்றவர்களுக்கும் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

1946-ல் திரும்பி வந்தார். 3 ஆண்டுகள் ஆடாத கை. ஆனால் அடி முன்னைவிடப் பலமாக விழுந்தது.

தலைவர் போட்ட திட்டம்

ஜூலை 14-ந் தேதி நடந்ததைப் பார்ப்போம்.

அன்று எதிர்த்து ஆட வந்தது கிளீவ்லாந்து நகர அணி. அந்நாளில் அதன் பெயர் "இந்தியன்ஸ்". தலைவர் லூ பூட்ரோ. அணியின் மானேஜரும் அவரே. மைதானத்தில் இறங்கி ஆடுபவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 28தான். (அவர் 1917-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி பிறந்தவர்.)

முதல் ஆட்டத்தில் பூட்ரோ வெளுத்து வாங்கினார். 5 முறை பந்தைத் தூரத்துக்கு அடித்தார். ஆனாலும் அவர் அணி தோற்றது. காரணம் வில்லியம்ஸ். அவர் 3 முறை பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். பேஸ்பாலில் அதை "ஹோம் ரன்" என்பார்கள். 8 ரன்கள் அவர் ஒருவரால் வந்தன. பாஸ்டன் 11, கிளீவ்லாந்து 10.

இந்த மனிதரை எப்படி அடக்குவது? பூட்ரோ யோசித்தார். இவர் அடிக்கும் பந்தெல்லாம் வலது பக்கம்தானே போகிறது? இடது பக்கம் ஆட்களை நிறுத்தி என்ன லாபம்?

இரண்டாவது ஆட்டத்தில் திட்டத்தை நடத்தினார். 3-வது தளத்து ஆள் 2-வது தளத்தைத் தாண்டி வலது பக்கம் வந்தார். பூட்ரோ இன்னும் தள்ளி நின்றார். 2-வது தளத்து ஆள் வலது பக்கப் புல்வெளிக்குப் போனார். தூரத்தில் நின்றவர்களும் வலது பக்கம் சாய்ந்தார்கள். இடது பக்கத்தில் ஒருவர் மட்டும் முன்னால் வந்து காவல் நின்றார்.

வில்லியம்ஸ் அசரவில்லை. வழக்கம் போல வலது பக்கமே அடித்தார். பந்து தரையில் சீறிப் பாய்ந்தது. மற்ற நாட்களில் அது நல்ல அடி. அன்று அது பூட்ரோ நின்ற இடத்துக்கே போயிற்று. வில்லியம்ஸ் அவுட்!

இது பூட்ரோவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1920-களில் சை வில்லியம்ஸ் என்ற வேறோர் ஆட்டக்காரருக்கு எதிராக இப்படி நின்றிருக்கிறார்கள். 1941-ல் சிகாகோ அணியின் மானேஜர் ஜிம்மி டைக்ஸ், டெட் வில்லியம்சுக்கு எதிராகவே இதைச் செய்து பார்த்தார். ஆனால் நிலைத்துவிட்டது பூட்ரோவின் பெயர்தான். மற்ற அணிகளும் அவரைப் பார்த்து அப்படியே நிற்கத் தொடங்கின.

பிடிவாதம்

வியூகத்தை உடைக்க எளிய வழி ஒன்று உண்டு. இடது பக்கம் காலி. அந்தப் பக்கம் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டால் போதும். நடந்தே முதல் தளத்துக்குப் போய்விடலாம்!

பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. பழம்பெரும் ஆட்டக்காரரான டை காப் கூட, இடது பக்கம் அடிக்க வேண்டும் என்று யோசனை கூறினார்.

வில்லியம்ஸ் எளிதில் இணங்கவில்லை. காரணம் வெறும் கர்வம் மட்டும் அல்ல. பலமாக வலது பக்கம் அடித்தால் ஹோம் ரன் கிடைக்கும். இடது பக்கம் தட்டினால் ஒரு தளம்தான் கிடைக்கும். அவர் தட்டத் தொடங்கினால் எதிரிக்கு அதுவே ஆதாயம். பல ஆண்டுகளாகப் பழகிய வீச்சும் கெட்டுப்போகும்.

பூட்ரோவும் இதை அறிந்தே செய்தார். அந்த வியூகம் வில்லியம்சின் கையைவிட அவர் மனதைக் கலைக்கத்தான் அதிகம் உதவியது என்று பிற்காலத்தில் அவர் எழுதினார்.

ஆனால் ஒன்று. வியூகத்துக்குத் தடை போட வேண்டும் என்று கேட்டு வில்லியம்ஸ் விதி எழுதுவோரிடம் போகவில்லை.

ஒரே ஓர் அடி

அதே 1946-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி. இப்போது ஆட்டம் பூட்ரோவின் ஊரான கிளீவ்லாந்தில். அமெரிக்கன் லீக் பட்டம் பாஸ்டனுக்கு மிக அருகில் இருந்தது.

பூட்ரோ தம் வியூகத்தை வகுத்தார். இடது பக்கக் காவல்காரர் மட்டும் முன்னால் வந்து நின்றார்.

வில்லியம்ஸ் அடித்தார். வலது பக்கம் அல்ல, இடது பக்கம்! பந்து காவல்காரரின் தலைக்கு மேலே பறந்து, ஆள் இல்லாத வெளியில் விழுந்து உருண்டது. அவர் துரத்திக்கொண்டு ஓடினார். வில்லியம்ஸ் முதல் தளம், 2-வது தளம், 3-வது தளம் எல்லாம் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

பந்து வேலியைத் தாண்டவில்லை. ஓடியே எடுத்த ஹோம் ரன். அவர் வாழ்நாளில் அப்படி எடுத்தது அது ஒன்றுதான்.

அன்று ஆட்டத்தில் விழுந்த ரன்னும் அது ஒன்றுதான். பாஸ்டன் 1, கிளீவ்லாந்து 0. பட்டம் பாஸ்டனுக்குக் கிடைத்தது. வியூகம் வகுத்தவரின் ஊரிலேயே வியூகம் உடைந்தது!

அழுத கண்கள்

அடுத்த மாதம் உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டி. எதிர் அணி, செயின்ட் லூயிஸ் நகரின் "கார்டினல்ஸ்".

தொடருக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஒரு பந்து வில்லியம்சின் முழங்கையில் பட்டது. கை வீங்கிவிட்டது. அதோடு செயின்ட் லூயிஸ் அணியும் வலது பக்கம் ஆட்களைக் குவித்தது.

3-வது ஆட்டத்தில் வில்லியம்ஸ் தம் பிடிவாதத்தை விட்டு, காலியாக இருந்த இடது பக்கம் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டார். தளம் கிடைத்தது. அந்த ஆட்டத்தில் பாஸ்டன் வென்றது. ஆனால் பாஸ்டன் பத்திரிகை ஒன்று, வெற்றியை விட்டுவிட்டு, வில்லியம்ஸ் பந்தைத் தட்டிய சேதியையே கொட்டை எழுத்தில் போட்டது. யானை எறும்பைப் போல நடந்தால் ஊர் பேசாதா?

7 ஆட்டங்களில் அவர் அடித்தது 25-க்கு 5தான். ஒன்று கூட ஹோம் ரன் இல்லை. செயின்ட் லூயிஸ் 4, பாஸ்டன் 3 என்று தொடர் முடிந்தது.

ஊர் திரும்ப ரெயில் ஏறிய வில்லியம்ஸ், தம் பெட்டிக்குள் போய் அழுதார். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று நினைத்திருக்கலாம். ஆனால் அதன் பிறகு உலகத் தொடரில் ஆடும் வாய்ப்பு அவருக்கு வரவே இல்லை.

1948-ல் வாய்ப்பு மிக அருகில் வந்தது. பாஸ்டனும் கிளீவ்லாந்தும் சமமாக நின்றன. ஒரே ஆட்டத்தில் முடிவு. அக்டோபர் 4-ந் தேதி பென்வே பார்க்கில் நடந்த அந்த ஆட்டத்தில் பூட்ரோ இரண்டு ஹோம் ரன் அடித்தார். கிளீவ்லாந்து 8, பாஸ்டன் 3. மறுபடியும் பூட்ரோதான் குறுக்கே நின்றார்!

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே பூட்ரோ 1951-ல் பாஸ்டன் அணியிலேயே ஆட வந்தார். 1952 முதல் 1954 வரை அதன் மானேஜராகவும் இருந்தார். வியூகம் வகுத்து மறித்தவரே வில்லியம்சுக்கு மேலதிகாரி ஆனார்.

எரியும் விமானம்

1952-ல் மறுபடியும் படையில் இருந்து அழைப்பு வந்தது. கொரியாவில் யுத்தம். வில்லியம்சுக்கு வயது 33.

ஜெட் விமானத்தில் 39 முறை போருக்குப் போனார். 1953-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி அவருடைய விமானம் குண்டடி பட்டது. சக்கரங்கள் இறங்கவில்லை. விமானத்தில் நெருப்பு. அப்படியே வயிறு தரையில் உராய இறக்கினார். நின்றதும் குதித்து ஓடி உயிர் தப்பினார்.

இரண்டு யுத்தங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 5 ஆண்டுகள் ஆட்டம் இழந்தார். ஆட்டக்காரனுக்குக் கை வலுவாக இருக்கும் ஆண்டுகள் அவை.

அவரிடம் குறைகளும் உண்டு. முன்கோபி. பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஆகாது. ரசிகர்கள் ஏளனம் செய்ததால், இனி அவர்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்குவதில்லை என்று இளம் வயதிலேயே சபதம் செய்தார். 1956-ல் கூட்டத்தை நோக்கித் துப்பியதற்காக 5 ஆயிரம் டாலர் அபராதம் கட்டும்படி ஆயிற்று.

ஆனால் புற்று நோய் வந்த குழந்தைகளிடம் அவர் வேறு மனிதர். பாஸ்டனில் அக்குழந்தைகளுக்காக உள்ள "ஜிம்மி நிதி"க்கு ஆண்டுக்கணக்காக உழைத்தார். படுக்கை அருகில் உட்கார்ந்து பேசுவார். தாம் வருவது பத்திரிகையில் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார்.

வயது கற்றுக்கொடுத்தது

1957-ல் வில்லியம்சுக்கு 38 வயது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கொஞ்சம் கனமான மட்டையை எடுத்தார். மட்டை சற்று நிதானமாகச் சுழன்றதால் பந்து நடுப்பக்கமும் இடது பக்கமும் போயிற்று.

எதிரிகள் திகைத்தார்கள். வலது பக்கம் குவிந்து நின்றவர்கள் மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். வலது பக்கம் வழி திறந்தது. அங்கேயும் அடித்தார் வில்லியம்ஸ்.

அந்த ஆண்டு அவர் கணக்கு ஆயிரத்துக்கு 388! அடுத்த ஆண்டு 40 வயதிலும் அமெரிக்கன் லீக்கில் அவரே முதல்வர்.

11 ஆண்டுகளுக்கு முன் எந்த வியூகத்தை உடைக்கச் சொல்லி எல்லோரும் புத்திமதி சொன்னார்களோ, அதை அவர் தம் வழியில் தளர்த்திவிட்டார். விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

1960-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி கடைசியாக மட்டை பிடித்தார். பந்து வேலியைத் தாண்டியது. அது அவருடைய 521-வது ஹோம் ரன். ஜனங்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். அவர் தொப்பியைத் தூக்கவில்லை. தலை குனிந்தபடி ஓடி உள்ளே போய்விட்டார்.

மற்றவர்களுக்காகக் கேட்டார்

பேஸ்பாலில் அந்நாளில் இன்னொரு தடை இருந்தது. விதிப் புத்தகத்தில் எழுதப்படாத தடை. கறுப்பர்களைப் பெரிய லீக்குகளில் சேர்ப்பதில்லை. அவர்கள் தனியாக "நீக்ரோ லீக்"குகளில் ஆடினார்கள்.

சாட்செல் பெய்ஜ் என்ற பந்து எறிபவரும், ஜோஷ் கிப்சன் என்ற மட்டை வீரரும் அங்கே புகழ் பெற்றவர்கள். கிப்சன் 1947 ஜனவரியில் இறந்துபோனார். அந்த ஏப்ரலில்தான் ஜாக்கி ராபின்சன் நேஷனல் லீக்கில் ஆடித் தடையை உடைத்தார். பெய்ஜ் 1948-ல் பூட்ரோவின் அணியில் சேர்ந்தபோது 42 வயது ஆகிவிட்டது.

பெரிய லீக் அணிகளில் கறுப்பரைக் கடைசியாகச் சேர்த்தது வில்லியம்சின் பாஸ்டன் அணிதான். 1959-ல் பம்ப்சி கிரீன் என்ற இளைஞர் வந்தார். ஆட்டத்துக்கு முன் இருவர் இருவராகப் பந்து எறிந்து பழகுவார்கள். கிரீனைத் தம்மோடு வரும்படி அழைத்தவர் வில்லியம்ஸ்.

1966-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் வில்லியம்சைச் சேர்த்தார்கள். தம் பெருமையைப் பேச வேண்டிய மேடையில் அவர் பெய்ஜையும் கிப்சனையும் நினைத்துக்கொண்டார். வாய்ப்பு மறுக்கப்பட்டதால் வெளியே நிற்கும் கறுப்பு வீரர்களுக்கும் இந்த மண்டபத்தில் இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கூட்டம் இதை எதிர்பார்க்கவில்லை.

1971-ல் பெய்ஜுக்கு இடம் கிடைத்தது. 1972-ல் கிப்சனுக்கும் கிடைத்தது.

வில்லியம்ஸ் 2002-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி புளோரிடாவில் காலமானார். வயது 83. அதற்கு முன், 1991-ம் ஆண்டு மே மாதம், பாஸ்டன் மக்கள் அவருக்கு விழா எடுத்தபோது, மைதானத்தில் நின்று தொப்பியைத் தூக்கினார். அரை நூற்றாண்டுச் சபதம் அன்று முடிந்தது.

விதி மாறியது

அவர் மறைந்த பிறகு வியூகம் மறுபடியும் தலைதூக்கியது. முன்பு சிலருக்கு எதிராக மட்டும் நின்றார்கள். இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் பந்தை எந்தப் பக்கம் அடிக்கிறார் என்று கணக்குப் போட்டுச் சொன்னது. எல்லா அணிகளும் ஆளுக்கு ஆள் இடம் மாறி நின்றன.

வலது பக்கம் சீறிப் போகும் பந்து, நூறு ஆண்டுகளாக நல்ல அடி என்று பெயர் பெற்ற பந்து, யாரோ ஒருவர் கையில் போய் விழுந்தது. 2022-ல் பெரிய லீக் ஆட்டக்காரர்கள் எல்லோருடைய சராசரியும் சேர்ந்து ஆயிரத்துக்கு 243. 1968-க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததே இல்லை.

விதி வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். பந்து ஓட வேண்டும், ஆள் ஓட வேண்டும், அதைப் பார்க்கத்தானே ஜனங்கள் காசு கொடுத்து வருகிறார்கள் என்பது அவர்கள் வாதம். விதி மாறுவது புதிதும் அல்ல. 1968-ல் பந்து எறிபவர்கள் கை ஓங்கியபோது, அவர்கள் நிற்கும் மேட்டின் உயரத்தை அடுத்த ஆண்டே 15 அங்குலத்தில் இருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

விதி வேண்டாம் என்றார்கள் மற்றொரு சாரார். எதிரியின் பழக்கத்தைக் கவனித்து, அதற்கு ஏற்ப நிற்பது மூளை. மூளைக்குத் தண்டனையா? பாதி மைதானம் காலியாகக் கிடக்கிறது, அங்கே அடிக்கப் பழக வேண்டியது மட்டைக்காரரின் பொறுப்பு என்பது அவர்கள் வாதம்.

2022 செப்டம்பரில் விதிக் குழு கூடியது. குழுவில் இருந்த ஆட்டக்காரர்களின் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள். ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது.

2023 முதல் புதிய விதி. தளங்களை ஒட்டி நிற்கும் 4 பேரில், 2-வது தளத்துக்கு இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர் நிற்க வேண்டும். அவர்கள் புல்வெளிக்குப் பின்வாங்கவும் கூடாது. பூட்ரோ வகுத்த வியூகம் இனி சட்ட விரோதம்!

பலன் என்ன? 2023-ல் சராசரி 248 ஆக ஏறியது. 2024-ல் மறுபடியும் 243-க்கே இறங்கிவிட்டது. வியூகம் போனாலும், பந்து எறிபவர்களின் வேகமும் தந்திரமும் போகவில்லை. ஒரு கதவைத் திறந்துவிட்டதால் மட்டும் எல்லோரும் வில்லியம்ஸ் ஆகிவிடவில்லை.

வில்லியம்சின் வாழ்க்கையில் இரண்டு தடைகளும் உண்டு. ஒன்று, தம் எதிரில் 6 பேர் நின்ற தடை. அதற்கு வழி இருந்தது. இடது பக்கம் திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் அடிக்கப் பழக 11 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அதனால் ஓர் உலகத் தொடரை இழந்திருக்கலாம். ஆனாலும் சலுகை கேட்கவில்லை.

மற்றொன்று, பெய்ஜும் கிப்சனும் சந்தித்த தடை. அதில் எந்தப் பக்கமும் திறந்திருக்கவில்லை. எவ்வளவு நன்றாக ஆடினாலும் அதைத் தாண்ட முடியாது. அதை மாற்ற வேண்டும் என்று மட்டும்தான் வில்லியம்ஸ் மேடை ஏறிக் கேட்டார்.

விதி எழுத உட்காருகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.